பெட்டி கட்டும் ஊர்கள்

செவ்வாய், மணிலா

துபாயில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் கணக்குப் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்கள். அவர்களில் மூத்த பெண்மணியை அவர்கள் வழக்கப்படி எல்லோரும் 'ஆதெ' என்றுதான் அழைப்போம், நம் ஊர் அக்கா மாதிரி. ஒப்பந்தம் முடிந்து விடுப்பில் ஊருக்குக் கிளம்பியவர், "நீயும் வாயேன், வருஷக்கணக்கா பக்கத்து சீட்டுல உட்கார்ந்திருக்கே, எங்க ஊரைப் பார்த்ததே இல்லையே" என்று கூப்பிட்டார். 2025 ஜூன் முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்காக 14 நாள் வரை விசா இல்லாமலே பிலிப்பைன்ஸ் போகலாம் என்பதால் யோசிக்க எதுவும் இல்லை. எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. வளைகுடாவில் நம்மவர்களும் அவர்களும் ஒரே கட்டடத்தில், ஒரே பேருந்தில், ஒரே கவலையில் வாழ்கிறோம். ஆனால் அவர்கள் புறப்பட்டு வரும் விதம் நாம் புறப்பட்டு வரும் விதம் போல இல்லை. அது எப்படி என்று அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

விமானத்தில் எங்களைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் விடுப்பில் போகிறவர்கள். சக்கரம் தரையைத் தொட்டதும் கைதட்டினார்கள். பெட்டி வரும் பட்டையில் சூட்கேஸ்களைவிட அட்டைப்பெட்டிகள்தான் அதிகம். இதுதான் பாலிக்பயான் பாக்ஸ். ஆதெயின் பெட்டியில் நான்கு பக்கமும் மேலேயும் கொட்டை எழுத்தில் பெயர், ஊர், தொலைபேசி எண். அதன்மேல் பழுப்பு நிற டேப் குறுக்கும் நெடுக்குமாக, அட்டையே தெரியாத அளவுக்கு ஒட்டியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், கட்டும்போது கூட இருந்தேன். டின் மாட்டிறைச்சி, பால் பவுடர், ஷாம்பு, சோப்பு, துண்டு, பழைய ஆனால் நல்ல நிலையில் இருக்கும் காலணிகள். காலணிக்குள் இடம் வீணாகக் கூடாது என்று சாக்லேட். இதில் முக்கால்வாசிப் பொருள் மணிலாக் கடைகளிலேயே கிடைக்கும். "கிடைக்கும், ஆனா நான் அனுப்பினதா ஆகாதே" என்றார் ஆதெ. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

கப்பலில் வரும் பெட்டி வீடு சேர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். 2015 ஆகஸ்டில் சுங்கத்துறை இந்தப் பெட்டிகளைத் திறந்து சோதிக்கப் போவதாகச் சொன்னபோது உலகம் முழுக்க இருந்த பிலிப்பினோக்கள் கொதித்துப் போனார்கள். அதிபரே தலையிட்டு நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு வந்த சுங்கச் சட்டத்தில், வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள் வீட்டுக்கு அனுப்பும் பொருள்களில் ஒன்றரை லட்சம் பெசோ மதிப்பு வரை வரி இல்லை என்று ஆக்கினார்கள். ஓர் அட்டைப்பெட்டிக்காக அரசு இறங்கி வருகிறது என்றால், அந்தப் பெட்டியை அனுப்புகிறவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு எவ்வளவு பலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன், கலாவ் சாலை

காலையில் ஆதெயின் சித்தி மகனைப் பார்க்கப் போனோம். கப்பலில் ஆயிலர், அதாவது எஞ்சின் அறையில் வேலை. போன ஒப்பந்தம் முடிந்து அடுத்த கப்பலுக்காகக் காத்திருக்கிறார். அவர் எங்களை வரச் சொன்ன இடம் லுனேட்டா பூங்காவை ஒட்டிய கலாவ் சாலை.

1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானியர்கள் நாட்டின் தேசிய நாயகனான ஹோசே ரிசாலைச் சுட்டுக் கொன்றது இந்த லுனேட்டா மைதானத்தில்தான். அவருடைய நினைவுச் சின்னத்தைப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் நடைபாதை நிறைய ஆண்கள். ஏஜென்சி ஆட்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் மேஜை போட்டும் நிற்கிறார்கள். சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், எத்தனை மாத ஒப்பந்தம், என்ன பதவி என்று பலகையில் எழுதியிருக்கிறது. வேலை தேடி வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் உறை. ஒருவர் பலகையைப் படித்துவிட்டு உறையைத் திறந்தார்: மாலுமிப் புத்தகம், பாஸ்போர்ட், தீயணைப்புப் பயிற்சி, உயிர்காப்புப் படகுப் பயிற்சி, மருத்துவச் சான்று. எல்லாவற்றின் காலாவதித் தேதியும் ஒரு சிறு தாளில் பேனாவால் எழுதப்பட்டிருந்தது. ஒரு சான்று இரண்டு மாதத்தில் முடிகிறது, புதுப்பித்துவிட்டு வா என்றார்கள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. இது அவருக்குப் பழகிப்போன விஷயம் போல.

உலகக் கப்பல்களில் வேலை செய்கிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பிலிப்பினோ. பெரும்பாலோர் அதிகாரிகள் இல்லை, கீழ்நிலைப் பணியாளர்கள். அவர்களுடைய அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதத்தைக் கட்டாயம் ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. கையில் கிடைப்பது மிச்சமும் ஓவர்டைமும்தான்.

இந்தத் தெருவைப் பற்றி ஒரு வருத்தமான விஷயம் உண்டு. கடல்சார் கல்லூரியில் வகுப்புகளை முடித்த பையன்கள் படிப்பு நிறைவடைய கப்பலில் பயிற்சிக் காலம் முடித்தாக வேண்டும். ஆனால் இடம் கிடைப்பதில்லை. அதனால் சில ஏஜென்சிகளில் சம்பளம் இல்லாமல், அல்லது சாப்பாட்டுக்கு மட்டும், எடுபிடி வேலை செய்கிறார்கள். காபி போடுவது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது, முதலாளி வீட்டுக் காரைக் கழுவுவது. மாதங்கள் போகும், சில பேருக்கு வருடமே போகும். என்றாவது ஒரு நாள் 'நீ ஏறு' என்று சொல்வார்கள் என்ற நம்பிக்கை. ஆதெயின் தம்பியும் அப்படித்தான் முதல் கப்பலைப் பிடித்திருக்கிறார். இந்த உழைப்புக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. கல்லூரி வரை படித்த ஒரு பிள்ளையை இப்படி நிற்க வைப்பது அநியாயம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு இல்லை.

செங்கடலைப் பற்றிக் கேட்டேன். 2023 நவம்பரில் ஏமனின் ஹூத்திப் படையினர் பிடித்துப்போன கேலக்ஸி லீடர் கப்பலின் 25 பேரில் 17 பேர் பிலிப்பினோக்கள். 2025 ஜனவரியில்தான் விட்டார்கள். 2024 மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பல் மீது ஏவுகணை விழுந்து இறந்த மூவரில் இருவர் பிலிப்பினோக்கள். அபாயப் பகுதிக்குள் போகமாட்டேன் என்று மறுக்கும் உரிமை மாலுமிக்கு இருக்கிறது. "உரிமை இருக்கு. ஆனா மறுத்தவனை அடுத்த தடவை கூப்பிடுவாங்களாங்கறதுதான் கேள்வி" என்றார் தம்பி. 2024 செப்டம்பரில் மாலுமிகளுக்கென்றே தனி உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு அதில் பதில் இருக்குமா என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

வியாழன், ஓர்டிகாஸ்

ஆதெ துபாய் திரும்ப வேண்டுமானால் ஓஈசி என்ற சான்று வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு முறையாகப் பதிவு செய்து போகிறவர் என்பதற்கான அத்தாட்சி. இது இருந்தால் விமான நிலையத்தில் பயண வரி இல்லை, முனையக் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் குடியேற்ற அதிகாரி திருப்பி அனுப்பிவிடுவார். பழைய முதலாளியிடமே திரும்பிப் போகிறவர்கள் இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். ஆதெயின் பதிவில் ஏதோ ஒரு எழுத்து மாறியிருந்ததால் நேரில் போக வேண்டியதாயிற்று.

எட்சா நெடுஞ்சாலையும் ஓர்டிகாஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் பிளாஸ் ஓப்ளே கட்டடம். புலம்பெயர் தொழிலாளர் துறை இங்கேதான் இருக்கிறது. கட்டடத்துக்கு யார் பெயர் என்பதைக் கவனியுங்கள். 1974 மே முதல் தேதி அன்றைய அதிபர் மார்கோஸ் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பை உருவாக்கிய தொழிலாளர் அமைச்சர் அவர். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாக ஆக்கியது அந்தச் சட்டம்தான். எண்ணெய் விலை ஏறி வளைகுடாவில் கட்டடங்கள் எழும்பிய நேரம். உள்நாட்டில் வேலையும் இல்லை, டாலரும் இல்லை. கொஞ்ச காலத்துக்கான ஏற்பாடு என்று ஆரம்பித்தது ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டது.

ஆனால் பிலிப்பினோக்கள் கடல் தாண்டியது அதற்கும் முன்பே. 1906 டிசம்பர் 20 அன்று இலோகோஸ் பகுதியிலிருந்து 15 ஆண்கள் டோரிக் என்ற கப்பலில் ஹொனலூலு போய் இறங்கினார்கள். ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்கு. கங்காணிகள் நம் ஊர்களிலிருந்து மலாயாவுக்கும் இலங்கைக்கும் ஆள் கட்டிக்கொண்டிருந்த அதே காலம். பிறகு கலிபோர்னியாவின் அஸ்பாரகஸ் வயல், திராட்சைத் தோட்டம். 1965 செப்டம்பரில் டெலானோ திராட்சை வேலைநிறுத்தத்தைத் தொடங்கியவர்கள் லாரி இட்லியாங் தலைமையிலான பிலிப்பினோத் தொழிலாளர்கள்தான். மெக்சிகோத் தொழிலாளர்கள் அதற்குப் பிறகே சேர்ந்தார்கள். புகழ் மட்டும் அந்த வரிசையில் வரவில்லை.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சவுதிக்கு வீட்டுவேலைக்குப் போகிறார், முதல் தடவை. அரசுப் பயிற்சி மையத்தில் வீட்டுவேலைக்கான சான்று வாங்கியிருக்கிறார். படுக்கை விரிப்பு எப்படி மடிப்பது, இஸ்திரி, குழந்தைக்குப் புட்டிப்பால் தயாரிப்பது, கொஞ்சம் அரபு. புறப்படுமுன் நடக்கும் அறிமுக வகுப்பும் முடித்துவிட்டார். வீட்டுவேலைக்குப் போகிறவரிடம் ஏஜென்சி கமிஷன் வாங்கக் கூடாது என்பது 2006-இல் அரசு வைத்த விதி; ஒப்பந்தத்தில் மாதம் 400 டாலருக்குக் குறையக் கூடாது என்றும் அப்போது வைத்தார்கள்.

இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருவர் பட்ட துன்பம் இருக்கிறது. 1995 மார்ச் 17 அன்று சிங்கப்பூரில் ஃப்ளோர் கான்டெம்ப்ளாசியன் என்ற வீட்டுப் பணிப்பெண்ணைத் தூக்கிலிட்டார்கள், கொலைக் குற்றச்சாட்டில். அவர் குற்றமற்றவர் என்று நாடே நம்பியது. மணிலாத் தெருக்களில் கூட்டம் திரண்டது, அமைச்சர்கள் பதவி விலகினார்கள். மூன்று மாதத்துக்குள், ஜூன் 7 அன்று, புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. அதில் நான் மிகவும் மதிக்கும் ஒரு பிரிவு உண்டு. வெளிநாட்டு முதலாளி சம்பளத்தைத் தராமல் ஏமாற்றினால், ஆளை அனுப்பிய உள்ளூர் ஏஜென்சியும் அந்தப் பணத்துக்குக் கூட்டுப் பொறுப்பு. ரியாத்தில் இருக்கும் முதலாளியை மணிலாவில் பிடிக்க முடியாது, ஏஜென்சியைப் பிடிக்கலாம். வளைகுடாவில் சம்பளம் நின்றுபோன எத்தனை தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்காக மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்! எல்லோரும் சொல்லும் ஒரே வாக்கியம், "ஏஜென்ட் போனை எடுக்க மாட்டேங்கிறான்." நம்மிடம் 1983-இன் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது, பதிவு பெற்ற ஏஜென்ட் என்ற முறையும் இருக்கிறது. ஆனால் சப்-ஏஜென்ட், சுற்றுலா விசா என்று அதைச் சுற்றிப் போக ஆயிரம் வழி. சட்டத்துக்குள் வராத ஆளுக்குச் சட்டம் எப்படி உதவும்?

இங்கேயும் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். போய் இறங்கியதும் ஒப்பந்தத்தை மாற்றிக் கையெழுத்து வாங்குவது இன்றும் உண்டு. 2018-இல் குவைத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டின் உறைபெட்டியில் பிலிப்பினாப் பணிப்பெண் ஒருவரின் உடல் கிடைத்தது. அவர் காணாமல் போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. மே மாதம் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன: பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது, கைப்பேசி வைத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். ஒரு மனுஷி போன் வைத்துக்கொள்ள இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

2024-இல் வங்கிகள் வழியாக மட்டும் இந்த நாட்டுக்கு வந்த பணம் சுமார் 3,450 கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 சதவீதத்துக்கு மேல். 2023-இன் அரசுக் கணக்கெடுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சுமார் 21.6 லட்சம் பேர், பாதிக்கு மேல் பெண்கள். அங்கேயே குடியுரிமை வாங்கித் தங்கிவிட்டவர்களையும் சேர்த்தால் ஒரு கோடியை ஒட்டி வரும்.

செவிலியர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம், என் வேலையே அவர்களோடுதான். 1948-இல் அமெரிக்கா தொடங்கிய பரிமாற்றத் திட்டத்தில் பயிற்சிக்கென்று போனவர்கள் அந்த வழியைத் திறந்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று கோவென்ட்ரியில் உலகின் முதல் பொதுமக்கள் கோவிட் தடுப்பூசித் திட்டத்தின் முதல் ஊசியைப் போட்டவர் மே பார்சன்ஸ், பிலிப்பைன்ஸில் பிறந்த செவிலி. அதே ஆண்டு பிலிப்பைன்ஸ் அரசு, உள்ளூர் மருத்துவமனையில் ஆள் இல்லை என்று, செவிலியர் வெளியே போகத் தடை போட்டுப் பிறகு எண்ணிக்கை வரம்பு வைத்தது. போகாதே என்றார்கள், இங்கேயே இரு என்று சம்பளத்தைக் கூட்டவில்லை. துபாயில் என்னோடு இருக்கும் செவிலியர்கள் அந்த மாதங்களைப் பற்றி இன்னும் கோபத்தோடுதான் பேசுவார்கள்.

ஆதெயின் எழுத்துப் பிழை பிற்பகலில் சரியானது.

வெள்ளி, மாபினி

மணிலாவின் தெற்கே பேருந்தில் பதங்காஸ் நகரம், அங்கிருந்து ஜீப்னி, ஜீப்பை நீட்டிக் கட்டினாற்போன்ற அந்த ஊர்ச் சிற்றுந்து. ஜீப்னியின் நெற்றியில் இது சவுதிச் சம்பாத்தியம் என்று வண்ணத்தில் எழுதியிருந்தது. மாபினி ஒரு தீபகற்பத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் அனிலாவ், பவளப்பாறை பார்க்க உலகெங்கிலுமிருந்து முக்குளிப்பவர்கள் வரும் கடற்கரை. நாங்கள் போனது மேட்டுப்பக்கம் இருக்கும் புலொங் அனஹாவ் என்ற கிராமம். இதைக் குட்டி இத்தாலி என்கிறார்கள்.

பெயருக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை. தென்னை, மா, கோழிக்கூண்டு எல்லாம் தாண்டித் திரும்பினால் தூண் வைத்த முகப்பும், வளைவான பலகணியும், ஓடு வேய்ந்த கூரையுமாக மாளிகைகள். 1970-களின் இறுதியில் இந்த ஊர்ப் பெண்கள் சிலர் இத்தாலிக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள். அவர்கள் தங்கைகளைக் கூப்பிட்டார்கள், தங்கைகள் கணவர்களைக் கூப்பிட்டார்கள். முதலில் போனவர்களில் பலருக்கு முறையான ஆவணம் கிடையாது. 1986-லும் 1990-லும் இத்தாலி பொதுமன்னிப்பு போலச் சட்டம் கொண்டுவந்து பதிவு செய்ய வாய்ப்புக் கொடுத்தபோது வெளிச்சத்துக்கு வந்தார்கள். பிறகு குடும்பமே போகத் தொடங்கியது.

ஆதெயின் பெரியம்மா ரோம் நகரத்தில் ஒரே குடும்பத்தில் நெடுங்காலம் இருந்தவர். முதலில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார், பிறகு அந்தக் குழந்தைகளின் பாட்டியை. தீத்தா என்று நானும் கூப்பிட்டேன், நம் ஊர் அத்தை மாதிரி. எங்களுக்கு இத்தாலிய மொக்கா பாத்திரத்தில் பதங்காஸின் பராக்கோ காபி போட்டுக் கொடுத்தார். நம் டிகிரி காபியைவிட முரட்டுக் கசப்பு. சர்க்கரை வேண்டாம் என்றேன், சந்தோஷப்பட்டார்.

சனி, மாபினி

இன்று காலை தீத்தா வீட்டைச் சுற்றிக் காட்டினார். வளையத்தில் சாவிகள். மாடிப்படி பளிங்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அறை, ஒவ்வொரு கதவும் பூட்டியிருந்தது. திறந்தால் கட்டில், அலமாரி, கண்ணாடி எல்லாம் இருக்கிறது. மெத்தையின்மேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை, விளிம்பில் மட்டும் மஞ்சளாகியிருந்தது. பேரப்பிள்ளைகள் வந்தபோது படுக்கவில்லையா என்று கேட்டேன். வந்தவர்கள் எல்லோரும் குளிர்சாதனம் இருக்கும் ஒரே அறையில் தரையில் படுத்துக்கொண்டார்களாம். தீத்தா தூங்குவது கீழே, சமையலறை பக்கத்துச் சின்ன அறையில்.

இந்த வீடு கட்டிய கணக்கை அவர் வாயாலேயே கேட்டேன். முதல் பத்து வருடப் பணம் தம்பி தங்கைகள் படிப்புக்கும் அப்பாவின் மருத்துவச் செலவுக்கும் போனது. அப்புறம் நிலம். அப்புறம் அஸ்திவாரம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இத்தாலிய முதலாளி குடும்பம் கடற்கரைக்கு விடுமுறை போகும், அந்த மாதம் இவர் இங்கே வந்து ஒரு தளம் பார்த்துவிட்டுப் போவார். கணவர் இறந்தபோது உடனே வர முடியவில்லை. முதலாளி அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வர மாற்று ஆள் கிடைக்க நாலு நாள் ஆனது. இதைச் சொல்லும்போது அவர் குரலில் மாற்றமில்லை, என்னால்தான் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் தெருமுனையில் சாரி சாரி கடை போட்டார். சோப்பு, சாஷே ஷாம்பு, முட்டை, சிகரெட் விற்கும் பெட்டிக்கடை. ஊரே சொந்தம் என்பதால் ஊரே கடன். இரண்டு வருடத்தில் மூடினார். இப்போது செலவுக்கு ரோமிலிருந்து மகள் அனுப்புகிறாள். மகளுக்கும் அங்கே வீட்டுவேலைதான். பேத்தி அங்கேயே பிறந்து பல்கலைக்கழகம் போகிறாள், வீடியோ அழைப்பில் பாட்டியிடம் இத்தாலியில் பேசுகிறாள். நல்லவேளை, தீத்தாவுக்கு அது சரளமாக வருகிறது. "அவ இங்க வந்து என்ன செய்வா?" என்றார். பேத்திக்காக வருத்தப்படவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

நேற்று முன்தினம் ஓப்ளே கட்டடத்தில் பார்த்தது இங்கே எனக்கு வேறுவிதமாகப் புரிந்தது. போவதற்கு இந்த நாட்டில் என்னதான் இல்லை! பயிற்சி, சான்று, வகுப்பு, ஒப்பந்தம், வரிவிலக்கு, 1988-இல் அன்றைய அதிபர் கொரசோன் அகினோ சூட்டிய புதிய வீரர்கள் என்ற பட்டம். 2021 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தால் தனி அமைச்சகமே வந்துவிட்டது. அத்தனையும் வேண்டியதுதான், நமக்கும் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அறுபது வயதில் இடுப்பு வலியோடு திரும்பி வருகிறவர் எதை வைத்துப் பிழைப்பது? ஊரில் வேலை இருந்திருந்தால் தீத்தா போயே இருக்கமாட்டார். அவர் போன நாளில் இல்லாத வேலை, திரும்பி வந்தபோதும் இல்லை. அனுப்பிய பணத்தில் ஊரில் எழும்பியது வீடுகள்தான். மாபினியில் தோட்டவேலைக்கும் காவலுக்கும் வேற்றூர் ஆட்கள் வருகிறார்கள், ரோமில் தீத்தா பார்த்த அதே வேலை.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கிறார். மூத்தவனுக்குப் பத்து வயது. அவனுடைய அம்மா மிலானில். பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்டேன். கப்பல் என்றான், கேள்வி முடிவதற்குள்.

மாலையில் மணிலா திரும்பினோம். ஆதெக்கு விடுப்பு இன்னும் மிச்சம், ஊரிலேயே இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. பேருந்து நிலையம் வரை வந்து, அடுத்து நான் போகும் ஹாங்காங்கில் வேலை செய்யும் தன் தங்கைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தந்தார், உலர்ந்த மீன்.

ஞாயிறு, ஹாங்காங்

அதிகாலை விமானம், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்தியர்கள் ஹாங்காங்குக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

ஆதெயின் தங்கை சென்ட்ரல் பகுதியில் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை இங்கே சேட்டர் சாலையில் வண்டி கிடையாது. வங்கிகளும் விலையுயர்ந்த கடைகளும் இருக்கும் அந்தச் சாலை முழுக்கப் பெண்கள், அட்டைகளை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெச்எஸ்பிசி வங்கியின் தலைமையகத்துக்குக் கீழே தரைத்தளம் திறந்தவெளி, அங்கே மழைக்கும் வெயிலுக்கும் நிழல். அட்டையைச் சுவர் மாதிரி நிறுத்தி அறையாக்கிக்கொண்டவர்களும் உண்டு, செருப்பு வாசலில். சாப்பிடுகிறார்கள், நகம் வெட்டிவிடுகிறார்கள், நடனம் பயில்கிறார்கள், தூங்குகிறார்கள். வேர்ல்டுவைட் ஹவுஸ் கட்டடத்தில் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை. ஹாங்காங்கில் வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் சுமார் மூன்றரை லட்சம், பாதிக்கு மேல் பிலிப்பினாக்கள். முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது சட்டம். பலருக்குத் தனி அறை கிடையாது. ஆக வாரம் முழுவதும் சொந்தமாக ஒரு மூலையும் இல்லாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாலைதான் வீடு.

அங்கிருந்து நடை தூரத்தில் டி'அகிலார் தெரு. 1891-92 வாக்கில் ரிசால் ஹாங்காங்கில் கண் மருத்துவராக இருந்தபோது அவருடைய மருத்துவமனை அந்தத் தெருவில். தங்கை எனக்குக் காட்டினார். இங்கே வந்த புதிதில் யாரோ அவருக்குக் காட்டினார்களாம்.

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 5,100 ஹாங்காங் டாலர். தங்கையின் கணக்கு: பாதிக்கு மேல் மகன் படிப்புக்கு, பதங்காஸில் கடல்சார் கல்லூரி. மீதியில் அம்மா மருந்து, இங்கே வருவதற்காக வாங்கிய கடன் தவணை, சோப்பு, போன். ஒப்பந்தம் முடிந்தாலோ முறிந்தாலோ இரண்டு வாரத்துக்குள் வெளியேற வேண்டும், 1987-இலிருந்து இதுதான் விதி. அதனால் கெட்ட முதலாளி கிடைத்தாலும் பொறுத்துப் போகிறார்கள். ஏழு ஆண்டு இருந்தால் மற்ற வெளிநாட்டினருக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்க வழி உண்டு, வீட்டுப் பணியாளருக்கு இல்லை. அதை எதிர்த்து நடந்த வழக்கில் 2013 மார்ச் 25 அன்று ஹாங்காங்கின் உச்ச நீதிமன்றம் இல்லை என்றே சொல்லிவிட்டது. இருபது வருடம் ஒரு வீட்டின் பிள்ளைகளை வளர்த்தவரும் அந்த ஊரில் விருந்தாளியாகக்கூட எண்ணப்படுவதில்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, துபாயில் இருந்துகொண்டு எங்களுக்கும் அதே கதிதான் என்று தெரிந்தே சொல்கிறேன்.

ஆனால் இவர்கள் வெறுமனே பொறுத்துக்கொண்டிருப்பவர்களும் இல்லை. 1982-இல் மார்கோஸ், வெளிநாட்டில் இருப்பவர்கள் சம்பளத்தின் பெரும்பகுதியை வங்கி வழியாகக் கட்டாயம் அனுப்ப வேண்டும் என்று ஆணை போட்டார். ஹாங்காங் பணிப்பெண்கள் சங்கம் கூட்டிப் போராடினார்கள், ஆணையின் தண்டனைகள் கைவிடப்பட்டன. அன்றிலிருந்து இந்தச் சாலையில் சங்கங்கள் உண்டு. நான் உட்கார்ந்திருந்தபோதே ஒரு பெண் வந்து சம்பள உயர்வு கேட்கும் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

தங்கையின் அட்டையில் இன்னொருவர் பம்ப்ளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர். சில வருடம் முன்பு சேமிப்போடு ஊர் திரும்பியவர். திரும்புகிறவர்களுக்காக அரசு வங்கி வழியாகத் தரும் கடனுக்கு விண்ணப்பித்தார். வகுப்புக்குப் போய், திட்ட அறிக்கை எழுதி, ஈடு காட்டிப் பணம் வாங்கினார். பன்றிப் பண்ணை வைத்தார். 2019-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிலிப்பைன்ஸுக்குள் நுழைந்தது. அவர் ஊருக்கு வந்தபோது குட்டிகளையும் சேர்த்துப் புதைக்க வேண்டியதாயிற்று. கடன் நின்றது, அதை அடைக்க மீண்டும் இங்கே.

கடனில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்றார். அப்புறம் ஊருக்குத்தானா என்று கேட்டேன். ஆமாம், இந்தத் தடவை வீட்டின் முன்பக்கம் பேக்கரி. காலையில் எல்லோரும் சூடாக ரொட்டி வாங்குவார்கள், கடன் சொல்லும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை, நோய் வந்து சாகாது. அடுப்பு விலை விசாரித்து வைத்திருக்கிறார். கையைத் துடைத்துவிட்டுப் போனில் படம் காட்டினார்: இரண்டு தட்டு வைக்கும் எரிவாயு அடுப்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பதங்காஸ் நகரிலேயே ஒரு கடையில் கிடைக்கிறது, தவணையும் உண்டு. தவணை வேண்டாம், மொத்தமாகக் கொடுத்துத்தான் வாங்குவேன் என்றார்.